எட்டுப் பொத்தான் பெட்டி

— அந்த இஸ்திரிப் பெட்டிய இப்பவாவது கீழ வை ராசா. என் பொண்ணோட ஸ்கூல் சட்டையில கறுப்பா அப்பிக்கிச்சு.

— கிட்ட வராத அக்கா. தாள்ல அச்சடிச்ச சர்க்யூட் கோடுகளைச் சூடு வச்சு செம்புத் தகட்டுல ஒட்டிக்கிட்டிருக்கேன், தாள் நகர்ந்தா எல்லாம் கலைஞ்சிரும். காலையிலேர்ந்து இது மூணாவது போர்டு.

— முதல் ரெண்டுக்கும் என்ன கேடு?

— ஒண்ணை ஆசிட்ல அஞ்சு நிமிஷம் கூட விட்டுட்டேன், கோடுகளையும் சேர்த்துத் தின்னுடுச்சு. ரெண்டாவது பளிச்சுனு வந்துச்சு, ஓட்டையெல்லாம் போட்டேன். அப்புறம் பார்த்தா கண்ணாடியில பார்க்கற மாதிரி இடது வலது மாறிக் கிடக்கு. படத்தைத் திருப்பி அச்செடுக்க மறந்துட்டேன். பத்து வருஷமா போர்டு செய்யறவன், நேத்து கத்துக்கிட்டவன் பண்ற தப்பைப் பண்ணியிருக்கேன்.

— ஆனைக்கும் அடி சறுக்கும், விடு. பேசாம வெளிய குடுத்துடேன். ஃபேக்டரில பச்சைக் கலர்ல, அச்சு மாதிரி பண்ணி அனுப்புவாங்கன்னு நீதானே சொல்லுவ.

— பன்னெண்டு நாள் ஆகும். டாக்டர் நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கார். மறுபடி கழுத்துல கத்தி வைக்கணும்னா நம்ம அம்மாவே அந்தப் பேசற பெட்டியில சரின்னு சொல்லணும், மகன் சொன்னா செல்லாதுன்னுட்டார். பெட்டி பேசலன்னா ஆபரேஷன் இல்ல. ஆபரேஷன் இல்லன்னா என்னன்னு உனக்கே தெரியும்.

— தெரியும்.

— அப்புறம் எதுக்கு வெளிய குடு, வெளிய குடுன்னு ஒரே பாட்டா பாடற?

— பன்னெண்டு நாள் அம்மா நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்.

— நல்லா இருக்கு உன் பேச்சு. போன ஆபரேஷன்ல குரல் போயிரும்னு சொன்னப்ப யாரு ஓடினது? எட்டு வார்த்தை, அம்மா குரல்லயே பதிவு பண்ணி, வார்த்தைக்கொரு பொத்தானா வச்சுக் குடுத்தேன். தண்ணி, பசிக்குது, வலிக்குது, லைட்டு, இங்க வா, தூங்கறேன், சாப்பிட்டியா, சரி. பொழுதுக்கும் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு அழுத்தி உன் காதைப் புண்ணாக்கினாங்களே.

— இன்னைக்கும் நாலு தடவை அழுத்தினாங்க. நீதான் எந்திரிச்சுப் போகல.

— மத்த ஏழும் பேசுது. ‘சரி’ மட்டும் ஊமையாயிடுச்சு. கோடு அறுந்துச்சு, ஈயம் வச்சு ஒட்டினேன். ரெண்டு நாள்ல மறுபடி அறுந்துச்சு. கம்பி இழுத்தேன், அதுவும் விட்டுப்போச்சு. இப்ப செம்பே உரிஞ்சு வந்துடுச்சு. எல்லாம் என் கைவேலையோட லட்சணம். அன்னைக்கே ஃபேக்டரியில குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? என் கையாலதான் செய்வேன்னு வீம்பு பண்ணி அம்மா உசிரோட விளையாடிட்டேன் அக்கா.

— அழாத ராசா. அந்தப் பழைய போர்டை எடு.

— எதுக்கு?

— லென்ஸ் வச்சு அறுந்த இடத்தைப் பாரு.

— ஆயிரம் தடவை பார்த்தாச்சு.

— எப்படி ஒட்டலாம்னு பார்த்த. எப்படி அறுந்துச்சுன்னு பார்த்தியா?

— நேரா இருக்கு.

— ஆசிட் தின்னா அப்படியா இருக்கும்?

— இல்ல, கறையான் அரிச்ச மாதிரி இருக்கும். இது யாரோ கீறியிருக்காங்க. கம்பியும் வெட்டுப்பட்டிருக்கு. அக்கா, நீயா?

— நான் இல்ல. நேத்து சாயங்காலம் துணி மடிக்கப் போனப்பதான் பார்த்தேன். மடியில பெட்டியத் திறந்து வச்சுக்கிட்டு, கையில பிளேடு. என்னைப் பார்த்ததும் மறைக்கக்கூட இல்ல.

— அம்மாவா? எழுதப் படிக்கவே தெரியாது, எந்தக் கோடு எதுக்குன்னு எப்படித் தெரியும்?

— நீதானே பெருமையா ஒவ்வொரு கோடா விரல் வச்சுக் காட்டின. மகன் காட்டினதை மறப்பாங்களா?

— ஆபரேஷன் பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— இடமும் வலமுமா தலையாட்டினாங்க. பயத்துல ஆட்டறாங்கன்னுட்ட. உன் கையைத் தள்ளிவிட்டாங்க. மருந்து மயக்கம்னுட்ட.

— பெட்டியில சொல்லியிருக்கலாமே அக்கா. அதுக்குத்தானே செஞ்சு குடுத்தேன்.

— எட்டுப் பொத்தான் வச்சியே ராசா, அதுல ‘வேண்டாம்’னு ஒண்ணு வச்சியா?