கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம்

சோற்றைப் படம் எடுப்பது லேசு. புரியாணிக்குப் பின்பக்கமிருந்து ஒரு லைட்டைக் கொடுத்து, முன்னால் வெள்ளை ரெஜிபோம் நுரை மட்டையை நிறுத்தினால் போதும், ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மினுங்கும். மீன் அப்படியில்லை. செதிலை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் கண் செத்துக் கிடக்கும். மீன் வாங்குகிறவன் முதலில் பார்ப்பதும் கண்ணைத்தான்.

விசாரணைக்கென்று நீங்கள் மேசையில் வைத்திருக்கும் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதை எடுத்தது நான்தான். எப்படி எடுத்தேன் என்று உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் மீனில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

சுனாமிக்கு முன் கல்லடியில் கலியாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கடல் என் ஸ்டூடியோவையும் மனைவியையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது மகள் வதனி. அன்றிலிருந்து நான் பயந்தவன். அவள் வரப் பிந்தினால் ரோட்டுக்கு ஓடிப்போய் நிற்பேன். வாவிக்கு இந்தப் பக்கம் டவுனில் ஓர் அறை எடுத்து, ஆட்களைப் படம் எடுப்பதை விட்டுவிட்டுச் சாமான்களை எடுக்கத் தொடங்கினேன். சவர்க்காரம், பிஸ்கட், காத்தான்குடி ஹோட்டல்களின் சாப்பாடு, பிறகு ஏற்றுமதிக் கம்பனி ஒன்றின் மீன்கள்.

கொடுவா மீனின் கண்ணுக்கு வழி கண்டுபிடித்தது அப்போதுதான். ஒரு சொட்டு கிளிசரின் விட்டால் மங்கல் போய்விடும். பிறகு சின்னக் கண்ணாடித் துண்டால் ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி, கருமணிக்கு மேலே ஒரு பொட்டு விழ வைக்க வேண்டும். அது விழுந்ததும் மீன் உங்களைப் பார்க்கும். கம்பனிக்காரருக்கு நல்ல சந்தோசம்.

அந்த மீன்களைக் கொண்டுவந்து தந்தவன் திவாகரன். பனிச்சங்கேணிக்காரன். வாகரைச் சண்டையில் இடம்பெயர்ந்து, தாய் அன்னப்பூரணியோடும் தம்பி பிரதீஸோடும் டவுனுக்கு வந்தவன். நல்ல பொடியன், எனக்கு அவனைப் பிடிக்கும். 2008இல் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கொடுக்க, ஆள் ஒளித்துவிட்டான். தேடி வந்தவர்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூத்தவன் வந்தால் இளையவனை விடுவோம் என்று தாயிடம் சொன்னார்கள். தம்பி உயிரோடு இருப்பதைக் காட்டினால் வருகிறேன் என்று திவாகரன் தாய் மூலம் பதில் அனுப்பினான்.

அவர்களால் காட்ட முடியவில்லை. பிரதீஸ் அன்று விடியவே செத்துப்போயிருந்தான்.

மத்தியானம், நல்ல வெயில். வான் வண்டி ஒன்று என் அறைக்குப் பின்பக்கமாக வந்து நின்றது. இறங்கியவர்கள் மூன்று பேர். பெயர் எனக்கு இன்றும் தெரியாது. அவர்களில் பெரியவன் மரியாதையாகத்தான் கதைத்தான்.

"மூர்த்தி அண்ணன், ஒரு படம் எடுக்கணும். தமயனுக்குக் காட்டத்தான்."

வானுக்குள் சாக்கு மூடிக் கிடந்ததைக் கண்டேன். கதவை மூடப் போனேன்.

"வதனி ரியூசன் முடிஞ்சு எத்தின மணிக்கு வருவா?" என்றான்.

கதவை அகலத் திறந்துவிட்டேன். "உள்ளுக்குக் கொண்டுவாங்க," என்றேன்.

பிரதீஸைக் கதிரையில் சாத்தினார்கள். பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்தால் ஒவ்வொரு வீக்கமும் தெரியும். பொரித்த மீனுக்கு அது நல்லது, இதற்கு ஆகாது. ஆகவே பெரிய லைட்டை நேர் முன்னால் வைத்து, மெல்லிய வெள்ளைத் துணியைக் குறுக்கே கட்டினேன். நாடிக்குக் கீழே ஒரு ரெஜிபோம் மட்டை. கன்னத்துக் கறுப்பு அடங்கிவிட்டது. நெற்றிக் காயத்தை முடியை இழுத்துவிட்டு மறைத்தேன். அன்றைய பத்திரிகையை மடியில் விரித்தேன். கடைசியாகக் கண்.

அடுத்த மாதம் அன்னப்பூரணி அந்தப் படத்தோடு என்னிடம் வந்தாள், பெருப்பித்துத் தரச் சொல்லி. அதை எடுத்தது நான் என்று அவளுக்குத் தெரியாது.

"மூத்தவன் இத ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பாத்தான் மனே. வேறொண்டும் பாக்கல்ல, கண்ணத்தான் பாத்தான், மீன் பாக்கிறாப்போல. 'உசிரோடதான் இருக்கான் அம்மா, நான் போறன்' எண்டுட்டுப் போனான்."

திவாகரன் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் சண்டையும் முடிந்துவிட்டது. அவள் இன்றும் காணாமல்போனவர்களின் தாய்மாரோடு ரோட்டோரத்தில் இந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிரதீஸுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னால், "அவன்ட கண்ணப் பாருங்க," என்று காட்டுகிறாள். தூரத்தில் அவளைக் கண்டாலே நான் வேறு ரோட்டால் போய்விடுவேன்.

என்னை வெருட்டிச் செய்வித்தார்கள் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். வெருட்டினார்கள், அது உண்மை. ஆனால் அவர்கள் கேட்டது இந்தப் படத்தை அல்ல. "கண் மூடினாப்போல எடுங்க அண்ணன், நித்திர எண்டு சொல்லுவம்," என்றுதான் பெரியவன் சொன்னான். அப்படியும் ஒன்று எடுத்தேன். அதைக் கொடுத்திருந்தாலும் வதனிக்கு ஒன்றும் நடந்திராது. திவாகரனும் அதை நம்பி வந்திருக்க மாட்டான். இரண்டும் எனக்கு அப்போதே தெரியும்.

ஆனால் அந்தப் படத்தில் பொடியன் செத்தவனாகவே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. கிளிசரின் போத்தலை நானாகவே போய் எடுத்தேன். இமைகளை என் விரலால்தான் திறந்தேன். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு நான் பயமில்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். வந்தவர்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"போதும் அண்ணன், விடுங்க," என்றான் பெரியவன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றேன். "இடது கண்ணில இன்னும் வெளிச்சம் விழல்ல."