கிரேன் ரிப்பேர்

ஷரபுன்னிசா: சன்னலத் தொறக்காதீக!

ஜியாவுதீன்: வேகுது ஷரபு... இந்தக் காத்தாடி எனக்காச் சுத்துது, மேல இருக்குற ஒட்டடைக்காச் சுத்துது?

ஷரபுன்னிசா: அது தெருவப் பாத்த சன்னலு. இங்குட்டு வாங்க, அடுப்படிப் பக்கம் உக்காருங்க.

ஜியாவுதீன்: பதினாலு மாசம் கழிச்சு வந்த புருசன அடுப்படியில ஒளிச்சு வைக்கிற பொம்பள நீ ஒருத்திதான்.

ஷரபுன்னிசா: மெதுவாப் பேசுங்க... அசரு வீட்டுலயே தொழுதுட்டீகள்ல? மஃரிபும் இங்கனயே தொழுதுக்கங்க.

ஜியாவுதீன்: சரி.

ஷரபுன்னிசா: என்ன, சரியா?

ஜியாவுதீன்: சரின்னுதான சொன்னேன்.

ஷரபுன்னிசா: அதான் கேக்குறேன். வழக்கமா வந்த காலோட பள்ளிவாசலுக்குப் போயி, கல்லுக்கட்டிக் கடத்தெரு வரைக்கும் ஒரு சுத்து சுத்தி, பாக்குறவுகளுக்கெல்லாம் சலாம் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வருவீக. இன்னைக்கு என்னடான்னா ரயில விட்டு எறங்கி, துண்ட முக்காடு போட்டுக்கிட்டு வாரீக.

ஜியாவுதீன்: பனி.

ஷரபுன்னிசா: காரைக்குடியில... சித்திர மாசத்துல... பனி.

ஜியாவுதீன்: ... பின்னால என்ன சத்தம்?

ஷரபுன்னிசா: உங்க மக தஸ்லிமாதான். பரண்ல கெடந்த சஹன எறக்கித் தேச்சுக்கிட்டு இருக்கா.

ஜியாவுதீன்: மூணு பேருக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய தட்டு?

ஷரபுன்னிசா: அத்தா வந்துருக்காக, ராத்திரி எல்லாரும் ஒரே தட்டுல திங்கலாம்னா. ஆசப்படுறா, விடுங்க.

ஜியாவுதீன்: சஹன்னு சொன்னாலே எனக்கு ஓம் தம்பி சுஹைலு கல்யாணந்தான் ஞாபகம் வருது. மரவாடி மீரான் சாகிபையும் பஸ்காரரு ஹபீபு பாயையும் ஒரே சஹன்ல உக்கார வச்சோமே...

ஷரபுன்னிசா: சுஹைலு செஞ்ச வேல! ஜமாத் எலெக்சன்ல மோதிக்கிட்டு, ஒருத்தரு மூஞ்சியில ஒருத்தரு முழிக்காதவுக...

ஜியாவுதீன்: என்ன நடந்துச்சு? நடுவுல இருந்த கறிய 'நீங்க எடுங்க பாய்'னு இவரு அங்குட்டுத் தள்ள, 'நீங்க மொதல்ல'னு அவரு இங்குட்டுத் தள்ள... கடைசியில ரெண்டு பேருமே வெறுஞ்சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சாக!

ஷரபுன்னிசா: சிரிக்க வைக்காதீக... அவுக பேரையும் இப்ப எடுக்காதீக.

ஜியாவுதீன்: ஏன்?

ஷரபுன்னிசா: ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டியில என்ன இருக்கு? நகத்தக்கூட முடியல.

ஜியாவுதீன்: பேரீச்சம்பழம்.

ஷரபுன்னிசா: பேரீச்சம்பழத்துல எப்ப இருந்து கிரீசு வாட அடிக்குது?

ஜியாவுதீன்: தொறந்துட்டியா?

ஷரபுன்னிசா: சுத்தியிருந்த கைலியப் பிரிச்சுப் பாத்தேன். பல்லுப் பல்லா ஒரு இரும்புச் சக்கரம். உண்மையச் சொல்லுங்க, ஹார்பர்ல இருந்து திருடிட்டு வந்துட்டீகளா? அல்லாவே, இருவது வருச வேல...

ஜியாவுதீன்: திருடல. எடுத்துட்டுப் போகச் சொன்னாக.

ஷரபுன்னிசா: யாரு?

ஜியாவுதீன்: ஹார்பர் அதிகாரி. அது எங்க கிரேனோட சக்கரம். அது இல்லாட்டி கிரேன் அசையாது.

ஷரபுன்னிசா: பழுதாப் போச்சா?

ஜியாவுதீன்: நல்லாருக்கு. அதான் பிரச்சன.

ஷரபுன்னிசா: வெளங்குற மாதிரி சொல்லுங்க.

ஜியாவுதீன்: யாருக்கும் சொல்லப்படாது... நான் வேல பாக்குற தீவு எம்புட்டு நீளம்? இங்க இருந்து நாட்டரசன்கோட்ட போற தூரம்கூட வராது. கப்பல் நிக்கிற எடம் ஒண்ணு, கிரேன் ஒண்ணு. இப்ப ரெண்டு பெரிய நாட்டுக்காரன் வந்து, அந்த எடத்த எனக்குத் தா, எனக்குத் தான்னு நிக்கிறான். ஒருத்தன் கெழக்கத்தியான், ஒருத்தன் மேக்கத்தியான்.

ஷரபுன்னிசா: அந்தத் துக்குணூண்டு தீவு எதுக்காம்?

ஜியாவுதீன்: தீவு வேணாம். அது இருக்குற எடம் வேணும். அந்தப் பக்கம் போற கப்பலெல்லாம் எங்கள ஒரசிக்கிட்டுத்தான் போகணும்.

ஷரபுன்னிசா: யாராச்சும் ஒருத்தனுக்குக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான?

ஜியாவுதீன்: ஆஸ்பத்திரியும் மருந்தும் மேக்கத்தியான் குடுக்குறது. அரிசியும் டீசலும் கெழக்கத்தியான் குடுக்குறது. ஒருத்தனுக்குச் சரின்னா மத்தவன் மறுநாளே கைய எடுத்துருவான். அதுகூடப் பரவால்ல... சரின்னு சொல்லிட்டா, அந்த ஒருத்தனும் அப்புறம் நம்மள மதிக்க மாட்டான்.

ஷரபுன்னிசா: அது உண்மதான்.

ஜியாவுதீன்: உனக்கு எப்புடித் தெரியும்?

ஷரபுன்னிசா: நீங்க மேல சொல்லுங்க.

ஜியாவுதீன்: சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. 'கிரேன் ரிப்பேரு, யாரு கப்பலும் இப்ப வர முடியாது'ன்னு சொல்லிட்டாக.

ஷரபுன்னிசா: நம்பிட்டாகளா?

ஜியாவுதீன்: நம்பித் தொலைச்சாக! மேக்கத்தியான், நானே சரி பண்ணித் தாரேன்னு மூணு இன்ஜினீயர அனுப்புறேங்குறான். அதக் கேட்டு கெழக்கத்தியான் அஞ்சு பேர அனுப்புறேங்குறான். வேணும்னா புதுக் கிரேனே தாரேங்குறான். ஓசியில.

ஷரபுன்னிசா: அத வாங்கிட்டா வீட்டுச் சாவி அவன் கையிலல்ல போயிரும்!

ஜியாவுதீன்: இதேதான் எங்க அதிகாரியும் சொன்னாரு. 'ஜியா, இவனுக வந்து பாத்தா கிரேன் நல்லாருக்கது தெரிஞ்சுரும். நீ லீவுல கெளம்பு. போகயில சக்கரத்தக் கழட்டிக்கிட்டுப் போயிரு. கடைசல் பட்டறைக்குப் போயிருக்குன்னு சமாளிச்சுக்கிறேன்'னாரு.

ஷரபுன்னிசா: அதான் முக்காடா...

ஜியாவுதீன்: ஊருல யாராச்சும் 'என்ன பாய் திடீர்னு'ன்னு கேட்டா ஒளறிருவேன். எனக்குப் பொய் வராது, தெரியும்ல.

ஷரபுன்னிசா: எத்தன நாளைக்கு இப்புடி?

ஜியாவுதீன்: அவனுக சலிச்சுப் போற வரைக்கும். ஒரு பொய்யச் சொன்னா போதும்னு நெனச்சோம் ஷரபு. அதுக்குத் தெனம் சோறு போட வேண்டியிருக்கு.

ஷரபுன்னிசா: எனக்கும்தான்.

ஜியாவுதீன்: என்ன, உனக்கும்தான்?

ஷரபுன்னிசா: ... தஸ்லிமாவ மீரான் சாகிபு வீட்டுல பொண்ணு கேட்டாக. மூணு மாசமாச்சு.

ஜியாவுதீன்: ஏன் என்கிட்டச் சொல்லல?

ஷரபுன்னிசா: சொல்லலாம்னு போன எடுக்குறேன், ஹபீபு பாய் வீட்டுலயும் வந்து கேட்டாக.

ஜியாவுதீன்: யா அல்லாஹ்!

ஷரபுன்னிசா: நாம குடியிருக்கது மீரான் சாகிபு வீடு. சுஹைலு ஓட்டுறது ஹபீபு பாய் பஸ்ஸு. நான் யாருக்கு முடியாதுன்னு சொல்றது?

ஜியாவுதீன்: நம்மகிட்ட என்ன இருக்குன்னு ரெண்டு பேரும் வாராக?

ஷரபுன்னிசா: உங்க தீவு கததான். நம்ம தெருவுல இருவத்தாறு வீடு. நீங்க கை காட்டுற பக்கம் ஓட்டுப் போடுறவுக. ஜமாத் எலெக்சன் வருதுல்ல.

ஜியாவுதீன்: அடப்பாவிகளா... நீ என்ன சொன்ன?

ஷரபுன்னிசா: 'அவ அத்தா வந்தாத்தான் பேச முடியும், அவுகளுக்கு லீவு கெடைக்கல'ன்னேன். அதோட விட்டாகளா? ரெண்டு வீட்டுல இருந்தும் பிரியாணி வருது, பட்டுத் துணி வருது. எதுத்த வீட்டு சாலா ஆச்சிகிட்டக் குடுத்து வச்சிருக்கேன், பிரிக்கவே இல்ல.

ஜியாவுதீன்: ஆச்சி பிரியாணி சாப்புடுவாகளா?

ஷரபுன்னிசா: துணியச் சொன்னேன்! வெளையாடாதீக... இப்ப நீங்க சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீக. என் கிரேன் நல்லாயிருச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா நான் என்ன பண்ணுவேன்?

ஜியாவுதீன்: தஸ்லி என்ன சொல்றா?

ஷரபுன்னிசா: அவகிட்ட என்ன கேக்குறது... திருச்சியில ஒரு லேபுல வேல கெடைச்சிருக்கு. வார திங்கக்கெழம சேரணுமாம். வேணாம்னுட்டேன். பேச்சு நடக்குறப்ப பொண்ண வெளியூருக்கு அனுப்புறீகளான்னு ரெண்டு வீட்டுலயும் கேப்பாகள்ல?

ஜியாவுதீன்: மூணு மாசமா வீட்டுக்குள்ளயா இருக்கா?

ஷரபுன்னிசா: அவ நல்லதுக்குத்தான்...

ஜியாவுதீன்: ஒண்ணு உன்கிட்டச் சொல்லல. கிரேன் நின்னதுல அந்த ரெண்டு நாட்டுக்காரனுக்கும் ஒரு கொறையும் இல்ல. எங்க ஆளுகதான் அரிசி மூட்டையப் படகுல ஏத்தி, தலையில சொமந்து எறக்குறாக. பால்மாவு வந்த கண்டெய்னர எறக்க முடியாம கப்பலு திரும்பிப் போயிருச்சு. நான் கெளம்புன அன்னைக்கு ஒரு அம்மா கைப்புள்ளையோட கேட்ல நின்னுச்சு. 'கிரேன் எப்ப ஓடும்?'னு கேட்டுச்சு. 'சாமான் வரணும்'னேன். சாமான் என் பெட்டியில இருந்துச்சு ஷரபு... எனக்கு வெக்கமாப் போச்சு.

தஸ்லிமா: அத்தா, சஹன் பளபளன்னு இருக்கா, பாருங்க.

ஷரபுன்னிசா: நீ எப்ப வந்து நின்ன? எல்லாத்தையும் கேட்டுட்டியா?

தஸ்லிமா: கை பாத்திரந்தான் தேச்சுச்சு. காது சும்மாத்தான இருந்துச்சு.

ஜியாவுதீன்: தஸ்லி...

தஸ்லிமா: கிரேன நிறுத்தட்டுமான்னு அந்தப் பால்மாவு அம்மாகிட்ட யாராச்சும் கேட்டீகளா அத்தா?

ஜியாவுதீன்: இல்லம்மா.

தஸ்லிமா: என்கிட்டயும் யாரும் கேக்கல.

ஷரபுன்னிசா: உன்னக் காப்பாத்தத்தான்டி இம்புட்டும்!

தஸ்லிமா: தெரியும்மா. நீங்க சமாளிக்கலைன்னா இந்நேரம் ஏதாச்சும் ஒரு வீட்டுல முக்காடு போட்டு நின்னுருப்பேன். அத நான் மறக்கல. ஆனா திங்கக்கெழமைக்கு இன்னும் நாலே நாளுதான் இருக்கு.

ஜியாவுதீன்: ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் திருச்சி போவோம். உன்ன விட்டுட்டு நான் ஃப்ளைட்டு ஏறுறேன். அதிகாரி திட்டுனாத் திட்டட்டும், சக்கரத்தத் திரும்ப மாட்டிருவேன். அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேரையும் எப்புடித் தடுக்குறதுன்னுதான் தெரியல...

ஷரபுன்னிசா: நீங்க ரெண்டு பேரும் போயிருவீக. இங்க நான்ல மாட்டிக்கிருவேன்! மீரான் சாகிபு தனியா வந்து உக்காந்து 'வீடு ஒழுகுதா'ன்னு மேல பாத்தாருன்னா எதக் கேட்டாலும் தலைய ஆட்டிருறேன். ஹபீபு பாய் தனியா வந்து 'சுஹைலு ஒழுங்கா வண்டி ஓட்டுறானா'ன்னாருன்னா டீ போடுறேன்னு அடுப்படிக்கு ஓடிருறேன்.

தஸ்லிமா: தனியா வந்தாத்தானம்மா.

ஷரபுன்னிசா: என்னடி சொல்ற?

ஜியாவுதீன்: இரு... மூணு பேருக்கு எதுக்கு அண்டாவுல சோறு வச்சிருக்க?

தஸ்லிமா: காலையில நீங்க முக்காட்டோட வந்ததும் ரெண்டு வீட்டுக்கும் போன் பண்ணிட்டேன் அத்தா. எங்க அத்தா வந்துட்டாக, மஃரிபு தொழுதுட்டுச் சாப்புட வாங்கன்னு.

ஷரபுன்னிசா: ரெண்டு வீட்டுக்குமா!

ஜியாவுதீன்: வந்தா யாரு பேசுறது? எனக்குத்தான் பொய் வராதே...

தஸ்லிமா: நான் பேசுறேன். வேலைக்குப் போறேன், ரெண்டு வருசத்துக்குக் கல்யாணம் இல்லன்னு. பொய்யே இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே பதிலு.

ஷரபுன்னிசா: யா ரப்பே! அவுகள அங்குட்டு ஒருத்தரு, இங்குட்டு ஒருத்தரா தனித்தனியா உக்கார வைக்க இந்த வீட்டுல எடம் ஏதுடி?

தஸ்லிமா: தனித்தனியா எதுக்கும்மா? ஒரு சஹன்தான் கழுவியிருக்கேன்.