சைபரில் முடிந்த விடை

மலேசியாவில், தஞ்சோங் காராங் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் படிவம் நான்கு மாணவிகள் இருவர். கலா என்பவள் தோழியின் விடைத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தேவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“இரும்புக் குண்டை வெர்னியர் அளவியில அளந்து 2.50 சென்டிமீட்டர்னு பார்த்துட்டு, ஏன்டி 2.51னு எழுதினே?”

“சைபர்ல முடிக்கக் கூடாது லா. மொய் வைக்கிறப்பகூட எங்கம்மா ஒன்னு சேர்த்துத்தான் வைப்பாங்க.”

அதற்குமேல் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“இரும்புக் குண்டுக்கு யாருடி மொய் வைக்கிறா?”

“அப்ப சைபரை வெட்டிட்டு 2.5னு போடவா?”

“ஐயோ, வெட்டாதே! சென்டிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் நீ அளந்தேன்னு அந்தச் சைபர்தான் சொல்லுது. அதுவும் மதிப்புள்ள இலக்கம்டி.”

“நாளைக்கு நடக்கிற இயற்பியல் டெஸ்ட்லயும் ஃபெயிலானா என்னை ஆர்ட்ஸ் வகுப்புக்குத் தள்ளிடுவாங்க, கலா.” தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதே. சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தூரம். மூணு மதிப்புள்ள இலக்கத்துல, பத்துக்குப் பவர் போட்டுச் சொல்லு பார்ப்போம்.”

தேவி கண்ணை மூடினாள். “ஒன்னு புள்ளி அஞ்சு…” அங்கேயே நின்றுவிட்டாள். நான் முன்னால் சாய்ந்தேன். “…சைபர். பெருக்கல் பத்து பவர் எட்டு.”

“சரிடி!” கலா போட்ட கூச்சலில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“ஆனாலும் மனசு கேக்கல லா. நாளைக்குப் பிள்ளையார் சுழி போட்டுட்டுத்தான் எழுதுவேன்.”

“போட்டுக்கோ. விடைக்குப் பக்கத்துல மட்டும் போடாதே. வாத்தியார் அதையும் ஒரு இலக்கமா எண்ணிடப் போறாரு!”