பெரியம்மா என்கிற கோழி

கோழியின் வாயைத் திறப்பது பெரிய வித்தை இல்லை, டாக்டர். கீழ் அலகைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினால் போதும். அப்புறம் மூக்கை நம்ப வேண்டியதுதான். கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்த காலத்தில் கற்றுக்கொண்டது. அம்மை என்றால் மஞ்சள் படலம் ஒட்டியிருக்கும், அவ்வளவாக நாறாது. புறாவிடமிருந்து தொற்றும் வாய்ப்புண் என்றால் தயிர்க்கட்டி மாதிரி அடைத்திருக்கும், கிட்டே போனாலே குடலைப் புரட்டும்.

என் ஓர்ப்படி முதல் கோழியைத் தூக்கி வந்தபோது வாசலிலேயே நாறியது.

"அக்கா, நேத்திலிருந்து தீனியே எடுக்கல. கழுத்தை நீட்டி நீட்டி முழுங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். "அம்மைதான். மருந்து கிடையாது. அந்த மஞ்சளைப் பிச்சு எடுத்துட்டு உப்பு வை."

"வலிக்காதா அக்கா?"

"கோழிக்கு என்னடி வலி."

அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை. கொழுந்தன் விட்டுவிட்டுப் போன பிறகு முட்டை விற்றுத்தான் மகளை வளர்க்கிறாள், பாவம். அவள் பிரசவத்தில் கூட இருந்ததும் நான்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். அவளுடைய கோழிகளில் ஒன்று முட்டையே இடாது. பெருத்த உடம்பு, நாள் முழுக்கக் கொக்கரிப்பு, மற்றதையெல்லாம் விரட்டும். அதற்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தாள். "பெரியம்மா, வா வா" என்று குரல் கேட்டு நான் திரும்புவேன். தாயும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குக் குழந்தை இல்லை. அதை எழுத வேண்டாம், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த முதல் கோழியை அவள் மடியில் வைத்துப் பிய்த்தாள். ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கிக் கோழி அவள் மடியிலேயே விறைத்தது. "நீ சரியாப் பிய்க்கல, அடியோட எடு" என்றேன். அடுத்ததை அடியோடு எடுத்தாள். அதற்கடுத்ததை அழுதுகொண்டே எடுத்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று துணி உலர்த்தினேன்.

வாய்ப்புண்ணுக்கான மாத்திரை என் அலமாரியில் இருந்தது. அதைக் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். பெரியம்மாவுக்கு மட்டும் மாவுருண்டையில் வைத்துக் கொடுத்தேன்.

செத்ததை அவள் உங்களிடம் எடுத்து வந்ததில் தப்பில்லை. புறாவே வராத கொல்லைக்குப் புறா எப்படி வந்தது என்று கேட்டீர்கள். தொட்டியைச் சுற்றித் தானியம் இறைத்தது நான்தான். வாயில்லாத ஜீவன்கள், பசிக்காதா? தெருக்கோடி நெல் கிடங்கின் கூரையிலிருந்து செத்து விழும் புறாக்களின் வாயை அதற்கு முன்பே திறந்து பார்த்திருந்தேன். மூக்கை மூடிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

இப்போது அங்கே பெரியம்மா மட்டும்தான் நடமாடுகிறது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, யாரும் சிரிப்பதுமில்லை. என்னைக் கண்டால் ஓடி வருகிறது.

ஒரு கோழியைக்கூட நான் தொட்டுக் கொல்லவில்லை, டாக்டர். ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறேன். அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.