மாடு கத்தவில்லை

— ரெண்டு தடவை குத்தியாச்சு. மாடு கத்தலையே, அண்ணா. கத்தினாத்தானே முன்னோர் ஏத்துக்கிட்டதா அர்த்தம்?

— கத்தும். ஈட்டி சரியாப் படலை.

— படாமலா ரத்தம் வந்துச்சு? தொழுவத்துக்குள்ள நின்ன அத்தனை ஆம்பளைங்களும் பார்த்துட்டாங்க. வேலிக்கு வெளியில நின்ன எனக்கே தெரிஞ்சுது. டேய் டெம்பிலே, அந்தக் கதவைச் சாத்திட்டு உட்காரு. நம்ம மூணு பேரு பேசறது வெளியில போகக் கூடாது.

— சாத்திட்டேன் அக்கா. பெரியவங்க எல்லாம் சோளபீர்ப் பானையைத் தொடாம உட்கார்ந்திருக்காங்க. ஊர்த்தலைவர் மட்டும் ஒரு தரம் இருமினாரு.

— இருமட்டும். நோக்வாகா, நான் இந்த வீட்டுக்கு மூத்தவன். அப்பாவோட ஈட்டி எனக்குத்தான் வந்திருக்கு. அவசரப்பட வேண்டாம். அந்த மாடு நம்ம மந்தையில பிறந்ததே இல்ல, வெள்ளைக்காரன் பண்ணையில தீனி தின்னு கொழுத்தது. நம்ம டோலோ குலத்துத் தாத்தன்மாரை அதுக்கு எப்படித் தெரியும்? டெம்பிலே பெருமைக்கு வாங்கினது, பெருமையா நிக்குது.

— மாட்டு மேல பழி போடாதீங்க, சொல்லிப்புட்டேன். நம்ம சின்னத் தாத்தா வீட்டுல மாடு கத்தாம நின்னப்போ நான் சின்னப் பொண்ணு, எனக்கு ஞாபகம் இருக்கு. அப்பா என்ன சொன்னாரு? இந்த வீட்டு ரத்தத்துல யாரோ நெஞ்சுக்குள்ள எரிச்சலை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க, அதைத் துப்புற வரைக்கும் முன்னோர் காதைத் திறக்க மாட்டாங்கன்னாரு. சொன்னாரா இல்லையா?

— சொன்னாரு.

— அப்போ துப்புங்க.

— என்னையா சொல்ற?

— நாளைக்கு விடிஞ்சா டெம்பிலே பையன் லவ்வாண்டோ கிளம்பறான். நம்ம நாட்டுக்காக ரக்பி ஆடி, நியூசிலாந்துக்காரங்களை மூணு டெஸ்ட்ல ரெண்டுல சாய்ச்சுட்டு, முதல் டெஸ்ட்ல வாங்கின அடிக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்துட்டு, நேரா இங்கதான் வந்தான். ஹோட்டல்ல விருந்து வச்சிருந்தாங்க, போகலை. எங்க தொழுவத்துல என் பேரைச் சொல்லி நன்றி சொல்லணும்னான். அவனை இந்த அரைகுறைச் சடங்கோட அனுப்பிட்டு, அடுத்த ஆட்டத்துல கழுத்தை முறிச்சுக்கிட்டான்னா ஊரு யாரைக் கேக்கும்? ஈட்டி பிடிச்ச கையைத்தான் கேக்கும்.

— அக்கா, அப்படியெல்லாம் சொல்லாதே. அண்ணனை விடு.

— நீ சும்மா இரு. உன் பையனுக்காகத்தான் பேசறேன்.

— பேசட்டும் டெம்பிலே. உள்ள வச்சிருந்தா அவளுக்குத் தூக்கம் வராது. நோக்வாகா, ஊர்ல எத்தனை பேருக்கு எரிச்சல்னு உனக்குத் தெரியாதா? போன ஞாயித்துக்கிழமை பாதிரியார் மனைவியே கேட்டாங்களாம், ஒரே ஒரு பந்தைப் பிடுங்கினதுக்கு மாடு வெட்டுவாங்களான்னு. அவங்க எரிச்சலா இருக்கலாமே?

— அவங்க டோலோ இல்ல. மாடு அவங்களுக்காகக் கத்தவும் கத்தாது, வாயை மூடவும் மூடாது. நம்ம மூணு பேரு, நம்ம பிள்ளைங்க. அவ்வளவுதான் கணக்கு.

— அப்போ லவ்வாண்டோவைக் கேளு. வந்ததுலேர்ந்து அவன் என் முகத்தைப் பார்க்கலை. போர்வையைப் போத்திக்கிட்டுக் குனிஞ்சே நிக்கிறான். நாட்டு அணியோட பச்சை ஜெர்சி போட்டவுடனே பெரியப்பன் கண்ணுக்குத் தெரியலை. அது திமிரு. முன்னோருக்குத் திமிரு ஆகாது.

— அவனுக்குத் திமிரு இல்லண்ணா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இல்ல… அவன் அப்படி இல்ல. அதான் சொன்னேன்.

— நான் சொல்றேன் கேளுங்க. அந்த மூணாவது டெஸ்ட் அன்னைக்கு ஊரே மதுக்கடைக்குப் போச்சு, பெரிய திரையில பார்க்க. என் மருமக பிள்ளையைத் தூக்கிட்டுப் போனா. கண்ணு தெரியாத கிழவர்கூட, சத்தத்தையாவது கேக்கறேன்னு தடியை ஊனிக்கிட்டுப் போனாரு. நீங்க போகலை. உங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்தேன். டிவியில சத்தத்தை நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தீங்க. ரக்பியை ஊமைப்படமாப் பார்த்தவர் இந்த மாகாணத்துலேயே நீங்க ஒருத்தர்தான்.

— எனக்குத் தலைவலி.

— ரெண்டாவது டெஸ்ட்ல அவன் கையிலேர்ந்து பந்து நழுவினப்போ தலைவலி இல்லையே. ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. நான் கதவுகிட்ட நின்னேன்.

— நோக்வாகா.

— என்ன?

— போதும்.

— போதாது. வெளியில அறுபது பேரு பானையைத் தொடாம உட்கார்ந்திருக்காங்க.

— சரி. கேட்டுக்கோ. டெம்பிலே, நீயும் கேட்டுக்கோ. ஒரு தடவைதான் சொல்லுவேன். அந்த ஏழாம் நம்பர் என் மகனோடது. பூலேலானிக்கு முழங்கால் போகலைன்னா அந்த ஜெர்சிக்குள்ள அவன் இருந்திருப்பான். பயிற்சியாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பியிருந்தாரு. நான் மேஜை விரிப்பெல்லாம் மாத்தி வச்சேன். அடுத்த வாரம் முழங்கால் போச்சு. அவன் இடத்துக்கு யாரு போனா? என் தம்பி மகன். என்னைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்குள்ளேயே இருக்குதேன்னு வந்து கையைக் குலுக்கினாங்க. நான் குலுக்கினேன். குலுக்கிட்டு வந்து கையைக் கழுவினேன்.

— அண்ணா…

— முடிக்கவிடு. நம்ம காலத்துல பச்சை ஜெர்சி வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான், நமக்குக் கிடையாது. நான் ஆடினேன், அந்தக் கல்லு மைதானத்துல, கால் சட்டை தைச்சுத் தைச்சுப் போட்டுக்கிட்டு. நமக்கில்லாதது நம்ம பிள்ளைக்கு வரும்னு நினைச்சேன். வந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு வந்துச்சு.

— பக்கத்து வீடா? ஒரே வயித்துல பிறந்தவன், அண்ணா.

— தெரியும். அதனாலதான் அவ்வளவு எரிஞ்சுது. ஊரான் மகனா இருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன். அன்னைக்குக் கடைசி நிமிஷம், ஒரே ஒரு புள்ளிதான் நாம முன்னாடி. அவங்க நம்ம கோட்டுக்கு முன்னாடி முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. பந்து கீழே. லவ்வாண்டோ அது மேல கவிழ்ந்து நிக்கிறான். மூணு பேரு இடிக்கிறாங்க, ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சு இழுக்கிறான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அப்பா பேரைச் சொன்னேன். தாத்தா பேரைச் சொன்னேன். இன்னைக்கு மாட்டுக்கு முன்னாடி சொன்ன அதே பேருங்க. அவன் கை நழுவட்டும்னு கேட்டேன்.

— கடவுளே.

— நழுவலை. காலை அகட்டி வச்சு, நெத்தியை முழங்காலுக்குக் கீழே இறக்கி, மரம் மாதிரி நின்னான். நடுவர் கையைத் தூக்கினாரு. பெனால்டி நமக்கு. தொடர் நமக்கு. ஊரெல்லாம் கத்துது, சத்தமில்லாத டிவிக்கு வெளியிலேர்ந்து சத்தம் வருது. அப்படி நிக்கிறதுக்கு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியும். பூலேலானிக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம், மண்ணுல சாக்கை வச்சு நான்தான் இடிச்சு இடிச்சுப் பழக்கினேன். நான் சொல்லிக் கொடுத்ததை வச்சே நான் கேட்டதை அவன் தோக்கடிச்சுட்டான்.

— இப்போ சொல்லிட்டீங்க.

— சொல்லிட்டேன். இந்த வயசுல தங்கச்சி முன்னாடி, தம்பி முன்னாடி. இதுக்கு மேல இந்த வீட்டு மானத்துல என்ன மிச்சம்னு தெரியலை.

— மானம் போனது உள்ள வச்சிருந்தப்போ. பூலேலானியைப் பாருங்க. மாட்டோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? அவன்தான். அந்தக் காலோட, நொண்டிக்கிட்டு. காலையிலேர்ந்து லவ்வாண்டோவைச் சிரிக்க வைக்கப் பாக்கறான். உங்க மகனுக்கு இல்லாத வலி உங்களுக்கு எதுக்கு?

— அதைத்தான் நானும் கேட்டுக்கறேன்.

— எழுந்திரிங்க. வெளியில போய்ப் பெரியவங்ககிட்ட விவரம் சொல்ல வேண்டாம். மனசுல இருந்ததை வீட்டுக்குள்ள துப்பியாச்சுன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும். அப்புறம் பையன் பேரைச் சத்தமாச் சொல்லிக் குத்துங்க. ஈட்டி எங்க?

— கதவு மூலையில. எடுத்துக் கொடு, டெம்பிலே.

— டெம்பிலே, அண்ணன் கேக்கறாரு.

— கொடுக்க மாட்டேன்.

— என்னடா?

— உட்காருங்க அண்ணா. இப்போ குத்தினாலும் அது கத்தாது.

— நான் சொன்னது உனக்குப் பொறுக்கலை. புரியுது. உன் மகன் விழணும்னு கேட்டவன் நான். மன்னிக்க முடியலைன்னா சொல்லு, ஈட்டியை நீயே பிடி.

— அது இல்லண்ணா. நீங்க கேட்டது ஒரு நிமிஷம். என்னோட எரிச்சல் பத்து வருஷம். சின்னதுலேர்ந்து அவன் ஸ்கூல் விட்டா உங்க வீட்டுக்குத்தான் வருவான். விழுந்தா உங்ககிட்ட ஓடுவான், ஜெயிச்சா உங்ககிட்ட ஓடுவான். ராத்திரி சாப்பிட மட்டும் எங்க வீடு. அவனைப் பெத்தது நான், மகன் உங்களுக்கு. ஊர்ல எல்லாரும் என் கையைக் குலுக்கினாங்களே, நான் எதுக்காகக் குலுக்கினேன்னு எனக்கே தெரியலை.

— என்ன உளர்றே?

— நான் மைதானத்துக்கே போயிருந்தேன்ல, ஆட்டம் முடிஞ்சு அவன் என்னைக் கட்டிப் பிடிச்சான். சந்தோஷத்துல செத்துடலாம்னு இருந்துச்சு. அப்புறம் ஜெர்சியைக் கழட்டி என் கையில கொடுத்தான், சேறும் வேர்வையுமா. எனக்குன்னு நினைச்சேன். ‘பெரியப்பா தோள்ல போடுங்கப்பா, ஊர் பார்க்கப் போடுங்க’ன்னான்.

— எந்த ஜெர்சி? என்கிட்ட யாரும் எதுவும் கொடுக்கலையே.

— என் பெட்டியில இருக்கு. ஊருக்கு வந்ததும் அவன் கேட்டான், பெரியப்பா என்ன சொன்னாருன்னு. தோள்ல போட விடலை, பிடுங்கி வாசல்ல வீசிட்டாருன்னு சொல்லிட்டேன்.