எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில்

எனக்கு எப்போதுமே படியேறிப் போவதுதான் பிடிக்கும். லிஃப்ட் மெக்கானிக் இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். மிட்டாய்க் கடைக்காரருக்கு மிட்டாய் திகட்டிப்போகிற மாதிரிதான், வேறொன்றுமில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே குடியிருப்பில் வேலை. முன் கட்டடத்தில் நான்கு லிஃப்ட். பின்னால் புதிதாக எழும்பிய கட்டடத்தில் இரண்டு. அங்கே இன்னும் யாரும் குடிவரவில்லை. ஆறுக்கும் நான்தான் ஆள். நீங்கள் கேட்டதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், ஐயா. அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் எல்லோரையும் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒவ்வொருவராக எழுப்பி, "பேரு, வேலை, குடும்பம் மூணையும் விட்டுட்டு, நீங்க யாருன்னு ஒரே வாக்கியத்துல சொல்லுங்க" என்றார். தோட்டக்காரர், "நான் கோபக்காரன்" என்றார். வாசல் காவலாளி, "நான் யாரையும் நம்பமாட்டேன்" என்றார். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். பதினோரு நிமிடம் நின்றேன். சுவர்க் கடிகாரம் எதிரிலேயே இருந்ததால் தெரியும். கடைசியில் அவர் என் தோளைத் தட்டி, "உக்காருங்க. அனுபவம் வர்றப்ப தானாத் தெரியும்" என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்களுக்குன்னு ஒரு குணம் இருந்தாத்தானேங்க சொல்றதுக்கு? சூடானதுல போட்டா சுடும், ஆறினதுல போட்டா ஆறிடும். நீங்க கரண்டி மாதிரி."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

அனுபவம் தேடி வரட்டும் என்று எத்தனை நாள் காத்திருப்பது? ஒரு விடுமுறை நாளில் நானே லிஃப்டுக்குள் ஏறி, இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டு, உள்ளேயிருக்கும் கண்ணாடி முன்னால் நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன். மீசை இடது பக்கம் கொஞ்சம் நீளமாக இருப்பது தெரியவந்தது. அவ்வளவுதான். அதைக் கத்தரித்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒரு லிஃப்ட் உண்மையாகவே பழுதானது. உள்ளே ஏழாம் மாடி வங்கி அதிகாரி. இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் என் கையை விடவேயில்லை. "வாழ்க்கையில மொத தடவையா யோசிச்சேன்பா. நான் யாருன்னு புரிஞ்சுபோச்சு" என்றார். ஐம்பத்து நான்கு வயதில் வேலையை விட்டுவிட்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். என் லிஃப்ட், என் பழுது. எனக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது. இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள். தொழில் ஆர்வம்.

அதன்பிறகுதான் நிறுத்த ஆரம்பித்தேன்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். குழந்தைகளை நிறுத்தியதில்லை, கர்ப்பிணிகளை நிறுத்தியதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் யாரையும் நிறுத்தியதில்லை. வெறும் வயிற்றில் மனிதன் சரியாக யோசிக்கமாட்டான். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு இன்டர்காமில் பேசுவேன். "பயப்படாதீங்க, பாத்துட்டிருக்கேன்" என்பேன். பிறகு மெதுவாக, "நீங்க யாருங்க?" என்று கேட்பேன்.

முதலில் வீட்டு எண்ணைச் சொல்வார்கள். கால் மணி நேரம் போனால் பதவியைச் சொல்வார்கள். முக்கால் மணி நேரத்தில், தனக்கு யாரையெல்லாம் தெரியும் என்று அடுக்குவார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் உண்மை வரும். பல் டாக்டர் அம்மா, "எனக்குப் பல்லக் கண்டாலே அருவருப்பு" என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர், குரலை உயர்த்தாமல் பேசத் தெரியாதவர், சின்னப் பிள்ளை மாதிரி "அக்கா, அக்கா" என்று அழுதார். பத்தொன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அக்காவுக்கு அன்றைக்கே போன் செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வருடம் சிறந்த பணியாளர் என்று எனக்கு ஒரு மேஜை விளக்கு கொடுத்தார்கள். கொடுத்தவரும் அவர்தான்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. "நீங்க ரொம்ப நல்லவரு, திறங்க" என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் சொல்வார்கள். வாலில் 'திறங்க' ஒட்டியிருக்கும் எந்த வாக்கியத்தையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாற்பத்தொரு பேரும் யார் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யார் என்பது மட்டும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது. பின்னால் நிற்பவர்தான் சொல்லவேண்டும். பத்தொன்பது வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவள் ஒருத்திதான்.

அந்த மூன்று நாள் விடுமுறையில் பாதிக் குடியிருப்பு ஊரில் இல்லை. எனக்குப் பின் கட்டடத்தில் வேலை. முதல் நாள் மதியம் அவள் சாப்பாட்டுக் கூடையோடு லிஃப்டில் ஏறினாள். எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினேன். அபாய மணியின் கம்பியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். புருஷன் பெண்சாதி பேச்சில் நாலு பேர் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பெட்டிக்குள் செல்போனும் எடுக்காது.

"நீ யாரு?" என்று வழக்கம்போலத்தான் தொடங்கினேன்.

"யாரா? உங்களக் கட்டிக்கிட்டவதான். வெளையாடாதீங்க. தண்ணி மோட்டாரப் போட்டுட்டு வந்திருக்கேன், தொட்டி ரொம்பி வழியும்."

நான் இறங்கி, வளாகத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். என்னைப் பொறுப்பில்லாதவன் என்று யாரும் சொல்லமுடியாது. அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு என்பது தெரியுமா என்று காலையில் கேட்டீர்கள். தெரியும். மருந்து ஜன்னல் விளிம்பில் இருந்ததையும் பார்த்தேன். அவள் மோட்டாரைப் பற்றித்தான் சொன்னாள். மருந்தைப் பற்றிச் சொல்லவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதான் நிறுத்தினீங்க. இல்ல?"

"ஆமா."

"எதுக்கு?"

"நான் யாருன்னு ஒரே வாக்கியத்துல சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் நிறையச் சொன்னாள். தங்கமானவர் என்றாள், திறங்க என்றாள். பைத்தியம் என்றாள், திறங்க என்றாள். எதையும் கணக்கில் சேர்க்க வழியில்லை. என் சாப்பாடும் அவளிடம்தான் இருந்தது. அன்று நானும் பட்டினிதான். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மறுநாள் காலையில் குரல் இறங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம். "நீங்க யாருன்னு எனக்கு இப்பத் தெரியும்" என்றாள்.

"சொல்லு."

"சொல்லமாட்டேன். அது மட்டும் உங்களுக்குக் கெடைக்காது."

வாலில் 'திறங்க' இல்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் என்னிடம் பேசிய மிகத் தெளிவான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே. நான் காத்திருந்தேன். அரை மணிக்கு ஒரு முறை, அதட்டாமல், சாதாரணக் குரலில்தான் கேட்டேன். பிடிவாதக்காரி, பேசவேயில்லை.

மூன்றாம் நாள் மதியம் மச்சினன் வந்தான். அக்கா போனை எடுக்கவில்லை என்று பதறிக்கொண்டு மோட்டார் அறைக்கே ஏறி வந்துவிட்டான்.

"அக்கா எங்க மாமா?"

"லிஃப்ட்ல இருக்கா."

நான் பொய் சொல்லவில்லை, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் முதலில் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு படியில் ஓடினான். தீயணைப்புக்காரர்கள் கடப்பாரையால் கதவை நெம்பினார்கள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அவள் மூலையில் உட்கார்ந்தபடி இருந்தாள். சாப்பாட்டுக் கூடையைத் திறக்கவேயில்லை. எனக்கென்று கொண்டுவந்ததை அப்படியே மடியில் வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன நேரத்தை வைத்துப் பார்த்தால், கடைசி இருபது மணி நேரம் நான் ஆளில்லாத லிஃப்டிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு. முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் வலது பக்க லிஃப்டுக்கு எண்ணெய் போட்டிருக்கலாம்.

ஆக, நிறுத்தியது நான். மணியைக் கழற்றியது நான். மருந்தைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வந்தது நான். அவள் என்னால்தான் செத்தாள். இதில் எந்த இடத்திலும் எனக்கு மறுப்பு இல்லை; கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள்.

ஒரு வகையில் பயிற்சி கொடுத்தவர் சொன்னது சரிதான். மூன்று நாள் அந்த மோட்டார் அறையில், சரியாகச் சாப்பாடு இல்லாமல், ஒரு சுடுசொல் பேசாமல், ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தபோது தானாகத் தெரிந்தது. நான் பொறுமைசாலி, ஐயா. கூடவே இருந்தவள், கடைசிவரைக்கும் அதைக் கவனிக்கவே இல்லை.