கடை வெயிலில் நின்ற செந்நிறம்

சூட்டிலும் சிதையாத சிவப்பை வேண்டி முப்பத்தோராண்டு தவமிருந்த தகைமையே! பழத்தின் தோலில் பதுங்கிய பயனைப் பாதுகாத்த பண்பின் பெட்டகமே! கிள்ளான் இரயில்வே குடியிருப்பில் பிறந்து, எங்கள் பழச்சாற்று ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கு மனச்சாட்சியாய் நின்று, இன்று பணி ஓய்வு பெறும் செசிலியா அம்மையாரே, வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே அவையோருக்குச் சொல்கிறோம். நீங்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அவையீர்! கேமரன் மலையிலிருந்து லோரியில் வந்திறங்கும் மல்பெரிப் பழத்துக்கு அந்தக் கருஞ்சிவப்பைத் தருவது அந்தோசயனின் என்னும் நிறமி. உடம்புக்கு நல்லது என்று மக்கள் சாற்றைத் தேடி வாங்குவதும் அதற்காகத்தான். சூடு பட்டால் சிதையும், வெளிச்சம் பட்டால் வெளுக்கும், அப்படியொரு நோஞ்சான் அது. போத்தலில் அடைத்த பிறகும் அதை உயிரோடு வைத்திருப்பதே செசிலியா அம்மையார் ஏற்றுக்கொண்ட வேலை.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் ஆண்டில் அவர் ஒரு தவறு செய்தார். அதை இம்மடலில் மறைக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில், இருட்டில் வைத்திருந்த போத்தலில் நிறமியை அளந்து, ‘இருநூறு மில்லிகிராம்’ என்று லேபிளில் அச்சிடக் கையெழுத்திட்டார். அவருடைய பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி அப்போது பெரிய சிகிச்சை முடிந்து தேறிவந்த நேரம். அந்த எண்ணை நம்பித் தினமும் காலையில் ஒரு குவளை குடித்துவந்தார். நலம் விசாரிக்கப் போன அம்மையார் குவளையைப் பார்த்தார். சாறு சிவப்பு போய், பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது.

“நீங்க செக் பண்ணிப் போட்டதுதானேக்கா, அதான் விடாம குடிக்கிறேன்” என்றார் புஷ்பவல்லி.

அம்மையார் மறுநாளே கடையில் ஆறு மாதம் நின்ற போத்தலை வாங்கி அளந்தார். நாற்பத்தெட்டுதான் இருந்தது. லேபிளிலிருந்து எண்ணை எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எண் போனது, வரவேண்டிய பதவி உயர்வும் கூடவே போனது. பதவிக்காக அவர் வருந்தி நாங்கள் பார்த்ததில்லை. புஷ்பவல்லியை நினைத்து வருந்தியதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

அன்று தொடங்கி, சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை கடையாக ஏறி, நம் ஆலைச் சாற்றை நம் அம்மையாரே வாங்கிவந்தார். மளிகைக்கடை அய்யாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

“ஆன்டி, புது ஸ்டாக் உள்ள இருக்குலா, அத எடுத்துத் தரேன்.”

“வேணாம்பா. வெயில்ல நிக்குதே, அதக் குடு.”

பிழிவதற்கு முன் பழத்தை ஆவியில் சற்றே காட்டி, நிறத்தைக் கெடுக்கும் நொதியை அடக்கினார். சக்கையோடு வீணாய்ப் போன தோலிலிருந்து நிறமியை மீட்டார். அடைக்கும்போது காட்டும் சூட்டைக் குறைத்தார். நிறக் கண்ணாடிப் போத்தல் கேட்டு மேலிடத்தோடு எட்டு ஆண்டு மல்லுக்கட்டினார். நாற்பத்தெட்டு இன்று தொண்ணூறாகியிருக்கிறது. கடையில் ஆறு மாதம் நின்ற பிறகும் தொண்ணூறு! அந்தத் தொண்ணூறை லேபிளில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பதே அவருடைய தீராத ஏக்கம். பார்க்காமலே போகிறார்.

போன மாதம் மேலாளர் விமலன் அவர் கையெழுத்துக்குக் கொண்டுவந்த லேபிள் தாளில் மறுபடியும் அதே இருநூறு. போத்தல் ஆலையை விட்டுக் கிளம்பும்போது அது மெய்தான். குடிப்பவர் கைக்கு வரும்போது மெய்யல்ல. அம்மையார் தாளைத் தொடவில்லை. விமலனும் வற்புறுத்தவில்லை, அம்மையார் ஓய்வு பெறும் தேதி அவருக்கும் தெரியும். அன்று ஆய்வுக்கூடக் குவளைகளைக் கழுவிக்கொண்டே அம்மையார் உடன் பணியாற்றும் புனிதாவிடம் சொன்னார்:

“நான் போனோன்ன யாராச்சும் சைன் வச்சிருவாங்க. அந்தப் பயம் ஒன்னுதான்மா எனக்கு.”

அம்மையாரின் இடத்துக்கு வரும் புனிதாதான் இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மையாரே! மீண்டும் உங்களிடமே வருகிறோம். நேற்று மதியம் அந்தத் தாள் புனிதாவின் மேசைக்கு வந்தது. இருநூறை அடித்து, தொண்ணூறு என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். விமலன் இன்னும் பதில் சொல்லவில்லை. இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் உங்கள் நாற்காலி வெறுமையாய் இருக்கும் என்று நினைக்கும்போதே நெஞ்சு கனக்கிறது. போகாதீர்கள் என்று சொல்ல விதிமுறை இடம் தரவில்லை. உடலில் நலமும், உள்ளத்தில் அமைதியும், உறங்கியெழுந்தால் அவசரமில்லாத காலைகளும் ஆண்டவர் உங்களுக்கு அள்ளித் தரட்டும்.

கடைப்பக்கம் போனால், போத்தலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். தொண்ணூறு என்று இருந்தால் நாம் வென்றுவிட்டோம். எண்ணே இல்லையென்றால், புனிதா இன்னும் அந்த இருநூறுக்குக் கையெழுத்திடவில்லை.

இங்ஙனம்,
உங்களைப் பிரிய மனமில்லாத
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
கிள்ளான்.